பாதிக்குப் பாதி

ஜனவரி 9

தங்கைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். குளிரூட்டிய அறையில் எலிகளோடு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது. நான் நலமில்லை.

எனக்குச் சினைப்பையில் புற்றுநோய். அம்மாவுக்கு வந்ததேதான். இரண்டு மாதத்துக்கு முன் வயிற்றைத் திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிறார்கள். ஆறு முறை ஏற்ற வேண்டுமாம், இரண்டு முடிந்திருக்கிறது. ஹோட்டலில் எனக்குக் கீழே இருந்தவள்தான் இப்போது சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். தலையணை உறையையும் சமையலறைத் துண்டையும் ஒரே இயந்திரத்தில் போடுகிறவள் அவள். நூற்று எண்பது அறைக்காரர்களும் பூண்டு வாசனையோடு தூங்கட்டும்.

இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன சொல்ல. படுக்கை விரிப்பில் சோப்புத்தூள் சரியாக அலசப்படவில்லை, முதுகு அரிக்கிறது. சுவரில் 'போராடுவோம், வெல்வோம்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு முஷ்டியை வரைந்திருக்கிறார்கள். நான் யாரோடும் போராடவில்லை. நாற்காலியில் சாய்ந்து வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கிறேன். உன் அத்தான், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டுகிறார். கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு ஆட்டிப் பழகிய தலை.

டாக்டர் செல், பழுதுபார்ப்பு என்று குழந்தைக்குக் கதை சொல்வதுபோல ஏதோ சொன்னார். என் மகள், சித்தியின் வேலையே அதுதானே, அவளைக் கேள் என்றாள். ஏழு வருஷமாகப் பேசாதவளிடம் கேட்பதா என்றேன். மகள் நில அளவைக்காரி. ஒரு புள்ளியில் நின்றால் நகர மாட்டாள். ஆகவே கேட்கிறேன். ஒரு பக்கத்துக்குள் சொல். படம் போடாதே. போனில் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். தங்கை ஒருத்தி இருக்கிறாள், கல் மாதிரி இருப்பாள் என்றேன்.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் ஒரு ஏளனம் தயாராக வைத்திருப்பாய். ஆனாலும் கேட்கிறேன். அத்தானும் உன் மகளும் சுகம்தானே.

முதலில் ஒரு திருத்தம். எலிகள் இல்லை. நான் பார்ப்பது தட்டுகளில் வளர்க்கும் மனிதச் செல்களை. பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன், உன் காதில் ஏறவில்லை.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ என்கிற இரட்டைப் புரி இழை இருக்கிறது. உயிரோடு இருந்தாலே அது தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் கெடும். செல் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்குப் பல வழிகள் உண்டு. இருப்பதிலேயே கஷ்டமானது, இரண்டு புரியும் சேர்ந்து அறுந்துபோன இடத்தைப் பிசகில்லாமல் இணைப்பது. உனக்கு ஏற்றும் மருந்து இழையை அப்படி அறுந்துபோக வைக்கிறது. கதிர்வீச்சு நேராகவே அறுக்கிறது. இணைக்கத் தெரிந்த செல் பிழைத்துக்கொள்ளும். தெரியாதது சாகும். எந்தக் கட்டி மருந்துக்கு அடங்குகிறது, எது அடங்குவதில்லை என்பதில் பெரும்பாதி இவ்வளவுதான்.

சில குடும்பங்களில் அந்த இணைக்கும் வேலைக்கான மரபணு ஒன்று பிழையோடு வழிவழியாக வருகிறது. அந்தப் பிழையால்தான் புற்றுநோய் வருகிறது. அதே பிழையால்தான் அது மருந்துக்குச் சீக்கிரம் சாகவும் செய்கிறது. இதில் நியாயம் தேடாதே. அம்மாவை வைத்துப் பார்த்தால் உனக்கு அது இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை உண்டு. உடனே எடுக்கச் சொல். டாக்டர் பிறகு பார்க்கலாம் என்று இழுத்தால், நீ வழக்கமாக மனிதர்களை நடத்துவதுபோல அவரை நடத்து.

ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டேன்.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

நீ நலமா, உன் தட்டுகள் நலமா.

நான்கு முறை ஏற்றியாகிவிட்டது. தலைமுடி போய்விட்டது, புருவமும் போய், எப்போதும் ஆச்சரியப்படுகிறவள் போல இருக்கிறேன். நான் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. நோய் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற எண் அறுநூறிலிருந்து இருபதுக்கு இறங்கியிருக்கிறது. டாக்டர் அந்த மருந்தைத் தானே கண்டுபிடித்தவர் போல மீசையைத் தடவிக்கொண்டார்.

பார்க்க வருகிறவர்கள்தான் நோயைவிட மோசம். பக்கத்து வீட்டுக்காரி வந்து பாசிட்டிவாக இருக்கச் சொன்னாள். நீ சொன்ன ரத்தப் பரிசோதனைகூடப் பாசிட்டிவ் என்றுதான் வந்திருக்கிறது என்றேன். அவள் கைதட்டப் போனாள்.

ஆமாம், பிழை எனக்கு இருக்கிறது. ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண், வட்டமும் சதுரமும் போட்டு நம் குடும்பத்தை வரைந்தாள். அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள், பிறகு என்னுடையதை. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றாள். உன் வட்டத்தில் கேள்விக்குறி போட்டாள்.

நீ எடுத்துக்கொண்டாயா? உனக்கு நாற்பத்து நான்கு ஆகிறது. எடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதம் வந்த அன்றே போய் எடு. அக்கறை என்று நினைத்துவிடாதே. கேள்விக்குறி பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

சுகம்தானே. பதில் தாமதமாகிவிட்டது. ஆராய்ச்சிக் கூடத்தில் ஆட்கள் குறைவு, வேலை அதிகம்.

எண் இறங்கியது நல்ல செய்தி. மருந்து ஏற்றி முடித்ததும் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். செல்லுக்குப் பழுதுபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. மாத்திரை அதை அடைத்துவிடும். உன் கட்டியில் ஒரு வழி ஏற்கனவே இல்லை. இரண்டாவதும் அடைபட்டால் அது தாங்காது. உன் மற்ற செல்களில் அப்பாவிடமிருந்து வந்த நல்ல பிரதி இருப்பதால் அவை சமாளித்துக்கொள்ளும். சோர்வு இருக்கும். ரத்தம் குறையும். மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிப்பார்கள், நாள் தவறாதே. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடு.

என்னைப் பற்றி யோசிக்காதே. நான் கவனமாகத்தான் இருக்கிறேன்.

பிள்ளைகளுக்கும் என்று எழுதியிருந்தாய். உன் மகள் எப்படி இருக்கிறாள்?

தங்கை


ஏப்ரல் 28

தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை நிஜமாகவே ஆவல்.

எடுத்தாயா என்று கேட்டால் கவனமாக இருக்கிறேன் என்கிறாய். அது சாலையைக் கடக்கிறவள் சொல்லும் பதில். மாத்திரையைப் பற்றி எழுதியதைவிட அந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் பாசமாக இருந்தது.

இருபது வருஷமாகச் சலவைப் பிரிவில் ஆட்களை நிறுத்தி, இந்தக் கறை எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறேன். தெரியாதவர்கள் தெரியாது என்பார்கள். தெரிந்தவர்கள்தான் சோப்பைப் பற்றிப் பேசுவார்கள். நீ ஒரு பக்கம் முழுக்கச் சோப்பைப் பற்றிப் பேசியிருக்கிறாய்.

எடுத்தாயா, இல்லையா? எடுத்திருந்தால் எப்போது?

மகள் நன்றாக இருக்கிறாள். வெயிலில் நின்று யாருடைய நிலத்தையோ அளந்துகொண்டிருக்கிறாள். அவளை ஏன் இழுக்கிறாய்.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

நீ தேறியிருக்கிறாய், இரண்டு வேளை நடக்கிறாய் என்று அத்தான் ஒரு தபால் அட்டையில் எழுதியிருந்தார். சந்தோஷம்.

எடுத்தேன். அம்மா இறந்து இரண்டாவது மாதம் எடுத்தேன். பிழை எனக்கும் இருக்கிறது. அந்த வருஷக் கடைசியிலேயே சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கூட இருக்க யாரையும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அடுத்து நீ என்ன கேட்பாய் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். அம்மா போனபோது நான் ஒரு நாள் தாமதமாக வந்தேன். நீ என்னை வாசலிலேயே நிறுத்தி, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "உன் வாயிலிருந்து இனிமே ஒரு வார்த்தை எனக்கு வரக்கூடாது" என்றாய். சரி, வராது என்று முடிவு செய்தேன். முடிவு வந்த காகிதம் கையில் இருந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இவள்தானே வேண்டாம் என்றாள் என்பதுதான். இதை மறைக்க விரும்பவில்லை. முதல் வருஷம் அது கோபம். இரண்டாவது வருஷம், அடுத்த மாதம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வருஷம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயம். அதற்குப் பிறகு பழகிவிட்டது. நான் உயர்வாக நினைக்காத மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே நடந்துகொண்டேன்.

சொல்லியிருந்தால் உனக்கு வராமல் தடுத்திருக்கலாமா என்று கேட்பாய். பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

தங்கை


ஜூலை 9

தங்கைக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். உன் படிப்பும் பட்டமும் எதற்கு? கூட்டம் கூட்டமாக அந்நியர்களுக்கு மேடையேறி இதைத்தானே விளக்கிக்கொண்டிருந்தாய். கூடப் பிறந்தவளுக்கு ஒரு தபால் தலை ஒட்ட முடியவில்லை. உன்னைப் புழு என்றால் புழுவுக்கு வருத்தமாக இருக்கும்.

இனி எழுதாதே. இந்த முறையும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா


மறு ஆண்டு, ஏப்ரல் 11

தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். இந்த முறை பதிலையும் எழுது. இடையில் நீ அனுப்பிய மூன்று கடிதங்களையும் பிரிக்கவில்லை. மேசை ஆடியது, காலுக்கு அடியில் மடித்து வைத்தேன். இப்போது ஆடவில்லை.

மாத்திரை எட்டு மாதம் கேட்டது. பிறகு எண் ஏறியது. பழைய மருந்தையே மறுபடி ஏற்றினார்கள். போன தடவை ஓடிப்போன நோய், இந்த முறை அதைச் சட்டை செய்யவில்லை. முதுகெலும்பில் வந்திருக்கிறது. உட்கார்ந்தால் வலி, நின்றால் வேறு வலி. அடுத்த வாரத்திலிருந்து பத்து நாள் கதிர்வீச்சாம். டாக்டர் இப்போது மீசையைத் தொடுவதில்லை. கணினித் திரையைப் பார்த்தே பேசுகிறார். கட்டியைப் பரிசோதித்த காகிதத்தில் 'பழுதுபார்க்கும் திறன் மீண்டுள்ளது' என்று ஒரு வரி. இது என்ன புது அநியாயம் என்று கேட்டேன். சில நேரம் இப்படி ஆகும் என்றார். பத்து வருஷம் படித்துவிட்டுச் சொல்கிற பதில் இது. ஏன் ஆகிறது என்று நீ சொல். உன்னிடம் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மென்று விழுங்காமல் சொல்ல உனக்குத் தெரியும், ஒரே ஒரு விஷயம் தவிர.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

வலி எப்படி இருக்கிறது? மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். வீம்புக்குத் தாங்காதே.

கேட்டதற்குப் பதில். உன் கட்டியில் கோடிக்கணக்கான செல்கள். அவற்றில் ஏதோ ஒன்றில், பிழையான மரபணுவிலேயே இன்னொரு பிழை தற்செயலாக விழுந்து, முதல் பிழையைச் சரிக்கட்டிவிட்டது. அந்தச் செல்லுக்கு அறுந்ததை இணைக்க மறுபடியும் முடிகிறது. மருந்து மற்றவற்றைக் கொன்றது, இது பெருகியது. இதில் அறிவும் இல்லை, வீரமும் இல்லை. குருட்டு அதிர்ஷ்டம். அதை எதிரி என்று மதிக்காதே, அந்த மரியாதைக்கும் அது லாயக்கில்லை.

கதிர்வீச்சைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, இடைவெளியில் நல்ல செல்கள் பழுதுபார்த்துக்கொள்ள. இந்தக் கட்டியும் இப்போது கொஞ்சம் பழுதுபார்த்துக்கொள்ளும். ஆனாலும் முதுகு வலி குறையும். நோய் போகாது. உன் டாக்டர் திரையைப் பார்த்துச் சொன்னதை நான் உன்னைப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். போன வருஷம் ஏப்ரலில் உன் மகளைப் பற்றிக் கேட்டேன்; வெயிலில் நிற்கிறாள் என்றாய். நீ பிரிக்காத மூன்று கடிதங்களிலும் அதைத்தான் கேட்டிருந்தேன். அவள் ரத்தம் கொடுத்ததாக நீ ஒரு வரிகூட எழுதியதில்லை. அவளிடம் சொல்லவே இல்லை, அப்படித்தானே? அவளுக்கு இருபத்தாறு வயது. என்னைப் புழு என்றாய், ஏற்றுக்கொள்கிறேன். எனக்காவது உன்மேல் கோபம் என்று ஒரு சாக்கு இருந்தது. உனக்கு அவள்மேல் என்ன கோபம்?

தங்கை


மே 30

தங்கைக்கு,

நலமா. முதுகு பரவாயில்லை. அத்தான் சுகம். மீதியைச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நான்கு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நாள் கதிர்வீச்சுக்குப் போனபோது, மகள் வேலையிடத்திலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். காலணி முழுக்கச் செம்மண். காத்திருக்கும் அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பாட்டிக்கும் எனக்கும் இருக்கிற பிழை உனக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி, ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் காலணியின் செம்மண்ணைத் தரையில் தட்டினாள். பிறகு, "உனக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"போன வருஷம் மார்ச்."

"அப்பாவுக்கு?"

"தெரியும். நான்தான் வாயை மூடச் சொன்னேன்."

"சித்தி என்ன பண்ணாங்கன்னு கேட்டப்பல்லாம், அவ பேச்சை எடுக்காதேன்னு சொன்னியே. சித்தியும் இதையேதான் சொல்லாம விட்டாங்களா?"

ஆமாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கறை போகாத துணியை நான் ஒதுக்கிப் போடும்போது எப்படிப் பார்ப்பேனோ அப்படி. "அவங்க பண்ணதைத்தானே நீயும் பண்ணியிருக்கே" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். கைத்தாங்கலாகக் கொண்டுபோய் இயந்திரத்தின் கீழே படுக்க வைத்துவிட்டுப் போனாள். நான் வெளியே வந்தபோது அவள் முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மேல் மாடிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். முடிவு போன வியாழக்கிழமை வந்தது. அவளுக்கும் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே. அவள் முகத்தில், இதை எனக்குக் கொடுத்தவள் நீ என்பது தெரியுமே, அதைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. உன்னைக் கேவலமாக நினைப்பது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. இப்போது உன்னை நினைத்தாலே பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாய், அவ்வளவுதான்.

உன் ஊரில் இதற்கென்றே மருத்துவப் பிரிவு இருக்கிறதாம். அவளை அனுப்புகிறேன். ஒரு வாரம் உன் வீட்டில் தங்குவாள். அவள் எதைக் கேட்டாலும் கேட்ட இடத்திலேயே பதில் சொல்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

உடம்பு எப்படி என்று இதில் கேட்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் மகள் திங்கட்கிழமை வந்தாள். பையைக் கீழே வைத்ததும் என் தழும்பைக் காட்டச் சொன்னாள். சமையலறையில் நின்று காட்டினேன். குனிந்து, அளவெடுப்பவள்போலப் பார்த்தாள். வலித்ததா என்று கேட்டாள். வலி ஒரு வாரம்தான், அதற்குப் பிறகு வந்த வியர்வையும் தூக்கமின்மையும்தான் வருஷக்கணக்கில் என்றேன். குழந்தை பெறாதது வருத்தமா என்றாள். சில நாள் உண்டு என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

மருத்துவப் பிரிவில் டாக்டர் பொறுமையாகப் பேசினார். இந்தப் பிழையால் மார்பிலும் புற்றுநோய் வரலாம் என்பதால், இப்போதைக்கு வருஷம் ஒரு முறை மார்புக்கு ஸ்கேன். சினைப்பைகளைப் பற்றி முப்பத்தைந்தை ஒட்டி முடிவெடுத்தால் போதும், அதற்குள் பிள்ளை வேண்டுமானால் பெற்றுக்கொள்ளலாம் என்றார். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். அவள் நோட்டை எடுத்து, "எல்லாத்தையும் தேதியோட எழுதிக் குடுங்க. எங்க வீட்டுல யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவள் மூக்கைச் சுளித்தது அப்படியே நீ.

திரும்பும்போது பேருந்தில், அம்மாவுக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டாள். கேட்ட இடத்திலேயே சொல்லச் சொல்லியிருந்தாய். மாதங்கள்தான், இந்த வருஷக் கடைசியைப் பார்ப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். நோட்டை எடுத்து அதையும் தேதியோடு எழுதிக்கொண்டாள். பிறகு, "நீங்களும் வரீங்களா?" என்றாள்.

உன் அம்மா வாசலோடு நிறுத்தியவள் நான் என்றேன்.

"அம்மா சொன்னதைக் கேட்டுக்கிட்டேதான் எல்லாரும் இப்படி ஆயிட்டோம். டிக்கெட் ரெண்டாப் போடட்டுமா?"

போடச் சொன்னேன். ஆராய்ச்சிக் கூடத்தில் எத்தனை நாள் விடுப்பு என்று கேட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாளைப் பகல் வண்டியில் வருகிறோம். இதைத் தபாலில் போடவில்லை. உன் கையில் நானே கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். அதற்குப் பிறகு திட்டு. நீ நேரில் திட்டிக் கேட்டு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தங்கை